ஓசாப்புக்குத் தமிழ்

காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அந்த வீட்டில் ஒருவரும் ரெலிபோனைத் தொடக் கூடாது. சட்டம் போட்டவள் ஜஸ்ரின். ரொறன்ரோவின் வோபர்னில், பதினோராம் மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹோலும் உள்ள அப்பாட்மென்ற் அது. ரெலிபோன் குசினிச் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு கதிரை. குளித்து, தலையை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அவள் அந்தக் கதிரையில் குந்தியிருப்பாள். எக்ளின்ரன் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு வர வேண்டிய நேர்ஸ் யாராவது சுகமில்லை என்று சொன்னால் இவளைக் கூப்பிடுவார்கள். எல்லாரும் சுகமாக இருந்தால் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

"இன்னொருத்திக்குக் காய்ச்சல் வரவேணும் எண்டு செபிக்கிற உத்தியோகம்," என்று அவளே சொல்வாள். தாய் மக்டலீன் அதைக் கேட்டால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கொலிஜில் மூன்று வருடம் நேர்சிங் படித்து, சோதனை பாஸ் பண்ணி, லைசென்சும் எடுத்து ஒரு வருடமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்புக்கு மேலே படித்து ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிய முதல் ஆள் அவள். சான்றிதழ் ஹோலில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. வேலைதான் இல்லை. இருபது வருட அனுபவம் உள்ள நேர்ஸ்மாரையே ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். தொண்ணூற்றேழாம் ஆண்டு வசந்தத்தில் நகரத்தின் ஆஸ்பத்திரிகள் பலவற்றை மூடப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அவள் விண்ணப்பம் கொண்டுபோன இடங்களில், அதை வாங்கிக் கோவைக்குள் வைத்த பெண்ணின் முகத்திலேயே தன் வேலை எத்தனை நாளைக்கு என்ற கேள்வி எழுதியிருந்தது.

ஜூன் மாதத்து அந்த வியாழக்கிழமை, ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது. ஜஸ்ரின் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பிள்ளை, கோல் வந்திட்டுதோ?" நாலாம் மாடியில் இருக்கிற பேபி அன்ரி.

"நீங்கள் லைனை விட்டால் வரும் அன்ரி."

"கோவிக்காதை. மெலனியின்ரை படிப்புக் காசுக்குப் போடுற ஓசாப் போமிலை கொப்பா கையெழுத்து வைச்சிட்டாரோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். நாளைக்குப் போஸ்ற் பண்ணவேணுமாமெல்லோ. நேர்சிங்குக்கு இடம் கிடைச்சிருக்கு, விட்டிடாதேங்கோ. நேர்ஸ் படிச்சவள் ஒருத்தி வேலையில்லாமல் இருந்ததை நான் இண்டைவரைக்கும் கேள்விப்பட்டதில்லை."

"இப்ப கேள்விப்படுறியள்," என்று சொல்லி ஜஸ்ரின் ரெலிபோனை வைத்தாள்.

கோல் வரவில்லை. அல்லது அந்த இரண்டு நிமிடத்தில் வந்து, லைன் இல்லாமல் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. ஆறரை மணிக்குச் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் பட்டு விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குத் தங்கை மெலனி எழுந்து வந்தாள். பதினெட்டு வயது. ஒன்பது வயதில் வந்தவள் என்பதால் அவளுடைய கோபம், பகிடி, செல்லம் எல்லாம் இங்கிலீஷில்தான் முதலில் வரும், தமிழ் பிறகு பின்னால் ஓடிவரும். கையில் மண்ணிறக் கவர் ஒன்று வைத்திருந்தாள்.

"அக்கா, ஐ நீட் எ பேவர்."

"தமிழிலை கேட்டால் கொஞ்சம் யோசிப்பன்."

"அப்பாக்கு இந்தப் போமை நீதான் வாசிச்சுச் சொல்லவேணும். நான் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பார். உன்ரைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

"என்ரைக்குச் சொன்ன மாதிரி எண்டால்?"

மெலனி கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். "உதவி எண்டு."

அந்தச் சொல் தன்னோடு மட்டும் இருக்கிறது என்று ஜஸ்ரின் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப எனக்குப் பதினாலு வயசு. குசினியிலை இருந்து ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்தனான். லோன் எண்ட சொல் எனக்கு அப்பவே வாசிக்கத் தெரியும் அக்கா." மெலனி சிரிக்காமல் சொன்னாள். "ஐ தோட் இற் வாஸ் ஸ்மார்ட்."

தகப்பன் அமிர்தநாதருக்குக் கடன் என்ற சொல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் தமையனின் மீன்பிடி மிசின் போட் ஒன்றுக்காகத் தன் வீட்டை ஈடு வைத்துக் கொடுத்தவர். போட் போனது, தமையனும் போனார், வீடும் போனது. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு சோபாவைக்கூட முழுக்காசு சேரும்வரை எட்டு மாதம் நிலத்தில் இருந்துவிட்டுத்தான் வாங்கினார். ஒருமுறை பாங்கிலிருந்து கிரெடிட் கார்ட் ஒன்றைக் கேட்காமலே தபாலில் அனுப்பிவிட்டார்கள். அதைக் கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஒரு துண்டை இந்தக் கிழமைக் குப்பையிலும் மற்றத் துண்டை அடுத்த கிழமைக் குப்பையிலும் போட்டவர் அவர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஜஸ்ரின் தன் ஓசாப் போமை விரித்தாள். அப்போது அவளுக்கும் பதினெட்டு.

"ஓசாப் எண்டால் என்ன பிள்ளை?"

போமின் தலைப்பில் அசிஸ்டன்ஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவள் அதில் விரலை வைத்தாள். "படிக்கிற பிள்ளையளுக்கு அரசாங்கம் செய்யிற உதவி அப்பா."

"திருப்பிக் குடுக்கிறதோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை அவள் முதல் நாள் இரவே வாசித்திருந்தாள். "பேபி அன்ரியின்ரை ராகுலன் அண்ணை எடுத்தவர். அவர் திருப்பிக் குடுக்கேல்லை," என்றாள்.

பொய் இல்லை. ராகுலன் படித்த காலத்தில் அதில் ஒரு பங்கை அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது. அவனுக்கும் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. ஜஸ்ரின் கொலிஜுக்குப் போகிற வருடத்தோடு அந்த இனாமை நிறுத்திவிட்டார்கள். முழுவதும் கடன். அவள் சொன்னது ராகுலனைப் பற்றி. அவர் விளங்கிக்கொண்டது தன் மகளைப் பற்றி.

மிச்சத்தை அமிர்தநாதரே பூர்த்தி செய்தார். "ஓமோம். ஊரிலையும் நேர்ஸ் ட்ரெயினிங்குக்கு எடுக்கிற பிள்ளையளுக்கு மாசம் மாசம் சம்பளம் குடுத்துத்தானே படிப்பிக்கிறவங்கள். பெரியாஸ்பத்திரியிலை எங்கடை ஞானம்மாவின்ரை மகள் அந்தக் காசிலை சைக்கிள் வாங்கினவள். இது கனடா, கூடத்தானே குடுப்பான்." சந்தோசமாகக் கையெழுத்து வைத்தார்.

செப்டெம்பரில் முதல் காசு வந்தது. கொலிஜுக்கும் புத்தகத்துக்கும் கட்டியது போக மிச்சம் கையில் இருந்தது. அதே மாதம்தான் யாழ்ப்பாணத்தில் தனியே நின்ற பேனாட்டிடமிருந்து கடிதம் வந்தது. பேனாட் அவளுக்கு மூத்தவன், வீட்டுக்கு ஒரே ஆம்பிளைப் பிள்ளை. ஊரில் நிற்க ஏலாது, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் காசு கேட்கிறான் என்று எழுதியிருந்தான். அமிர்தநாதர் இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள், கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டார்.

"பிள்ளை, அந்த உதவிக் காசிலை மிச்சம் கிடக்கோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருடமும் கொடுத்தாள், அதற்கடுத்த வருடமும். பேனாட் கொழும்பு, பாங்கொக், மொஸ்கோ என்று அலைந்து தொண்ணூற்றைந்தில் வந்து சேர்ந்தான். இப்போது ஒஷாவாவில் கார்ச் சாமான் செய்கிற பக்டரியில் நிரந்தர வேலை. பல்லுக்கும் கண்ணாடிக்கும்கூட கொம்பனி காசு கட்டும். மாதம் ஒருமுறை மனிசியோடு வந்து சோறு தின்றுவிட்டு, "இன்னும் உனக்கு வேலை சரிவரேல்லையோடி?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

படிப்பு முடிந்து ஆறாம் மாதம் பாங்கின் முதல் கடிதம் வந்தது. பதினேழாயிரத்து நானூறு டொலர். மாதம் இருநூற்றுப் பதினெட்டு. ஒன்பதரை வருடம். கட்டி முடிக்கிறபோது இருபத்தையாயிரத்தைத் தொட்டுவிடும், அவளுக்கும் முப்பதைத் தாண்டிவிடும். கடிதப் பெட்டித் திறப்பை அன்றிலிருந்து அவளே வைத்துக்கொண்டாள். வந்த கடிதங்களை நுண்ணுயிரியல் புத்தகத்துக்குள் செருகி வைத்தாள். அந்தப் புத்தகத்தை அந்த வீட்டில் வேறு யாரும் திறக்கப்போவதில்லை.

அமிர்தநாதருக்கு இது ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், நேர்ஸாக இருக்கிற மூத்த மகள் வீட்டுக்கு மாதம் இருநூறுதான் தருகிறாள் என்பது. "மூத்தவளின்ரை கையை விட்டு ஒரு சதம் கழண்டு வராது," என்று அவர் மக்டலீனிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் பல்லைக் கடித்தபடி படுத்திருப்பாள். கோபம் அவர்மேல் வரும். அவர்மேல் வருவது வசதியாக இருந்தது.

"சொல்லுவியோ?" மெலனி கவரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ வேறை என்னவும் படி. கொம்பியூட்டர் படி."

"எனக்கு நேர்சிங்தான் வேணும்."

"ஏன், என்னைப் பாத்து ஆசை வந்திட்டுதோ? விடியக் காலமை சப்பாத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பாக்கிறதுக்கோ?"

"நீ பிட்டர் அக்கா. யூ ஆர் ஜஸ்ற் ஸோ பிட்டர்."

"ஓம். பாவக்காயிலை செய்த மனிசி நான். போ."

மெலனி போகவில்லை. குனிந்து, குளிர்சாதனப் பெட்டியடியில் கிடந்த சப்பாத்தை எடுத்து மற்றதோடு சோடி சேர்த்துக் கதிரையின் கீழே வைத்தாள். "போன வருசம் அம்மாவின்ரை சீனி வருத்தத்துக்கு நீ ஊசி போடக் காட்டித் தந்தனீ. நான்தான் இப்பவும் போடுறன். அம்மா நோகுதெண்டு சொல்றேல்லை. அதுதான் ஏன் எண்டு கேட்டியே, அதுக்குச் சொன்னனான்."

வெள்ளிக்கிழமை காலை அமிர்தநாதர் பணிஸ் சுடுகிற பேக்கரிப் பக்டரியிலிருந்து ஐந்தரைக்கு வந்தார். இரவு முழுக்கப் பணிஸ் அடுக்கிய மனிதரின் புருவத்தில் மா ஒட்டியிருந்தது. விற்க முடியாமல் நெளிந்துபோன பணிஸ் பை ஒன்றை மேசையில் வைத்தார். மக்டலீன் தேத்தண்ணி ஊற்றினாள். மெலனி முகம் கழுவி, தலை வாரி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்து நின்று போமையும் பேனையையும் வைத்தாள். ஜஸ்ரின் சப்பாத்தோடு கதிரையில் இருந்தாள். கோல் வருகிற நேரம்.

"கொக்கா வாசிக்கட்டும்," என்றார் அமிர்தநாதர். "வா பிள்ளை. உனக்கும் நீதானே வாசிச்சனீ. எங்கை நான் வைக்கிறது?"

ஜஸ்ரின் கதிரையை மேசைக்கு இழுத்தாள். போமின் தலைப்பு மாறவில்லை. அதே பெரிய எழுத்து. மேசையின் கீழே மெலனியின் கால் வந்து அவளுடைய வெள்ளைச் சப்பாத்தை மெல்ல அழுத்தியது.

"இது," என்று தொடங்கினாள் ஜஸ்ரின். "இது கடன் அப்பா."

மெலனியின் கால் போய்விட்டது.

"என்ன கடன்?"

"உதவி எண்டு பேர் போட்டிருக்கு. காசு பாங் தாற காசு. படிச்சு முடிச்சு ஆறாம் மாசத்திலை இருந்து திருப்பிக் கட்டவேணும். வட்டியோடை."

அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டத்தை மாத்திப்போட்டாங்களோ? உனக்குத் தரேக்கை..."

"எனக்குத் தரேக்கையும் கடன்தான்."

"நீ உதவி எண்டெல்லோ சொன்னனீ."

"ஓம்."

"உனக்கும் அப்ப தெரியாதோ?"

இதுதான் அவள் தப்பிப் போகக்கூடிய வாசல். அவரே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று ஒரு சொல் போதும். பதினெட்டு வயதுப் பிள்ளை, இங்கிலீஷ் புதுசு, பிழையாக விளங்கிவிட்டாள் என்று முடிந்துவிடும்.

"தெரியும்," என்றாள். "தெரிஞ்சுதான் சொன்னனான். கடன் எண்டால் நீங்கள் கையெழுத்து வைச்சிருக்க மாட்டியள். அடுத்த கிழமையே என்னையும் பணிஸ் பக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பியள்."

உண்மையாகவே கூட்டிக்கொண்டு போயிருப்பார். அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?"

அவள் எழுந்துபோய் நுண்ணுயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்து உதறினாள். கடிதங்கள் பணிஸ் பையைச் சுற்றி விழுந்தன. அமிர்தநாதர் ஒன்றை எடுத்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. பார்த்தார். பிறகு இன்னொன்றை எடுத்துப் பார்த்தார், அதில் குறைந்திருக்கும் என்ற நினைப்பில். குறைந்திருந்தது, நூறு டொலரால்.

மக்டலீன்தான் முதலில் கேட்டாள். "அப்ப பேனாட்?"

"அவன் வந்ததும் இதிலைதான் அம்மா."

"இஞ்சேருங்கோ," என்றாள் மக்டலீன் புருசனிடம், ஏதோ அவர் காது கேளாதவர் போல. "பேனாட் இவளின்ரை கடனிலைதானாம் வந்தவன்."

"அந்தக் காசு வந்ததுக்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்," என்றார் அமிர்தநாதர். "மூண்டு வருசமும். பெரிய திரி." அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்டால் வழக்கமாக நெற்றிக்குப் போகிற கை இன்று மேசையிலேயே கிடந்தது.

ஏச்சு விழும் என்று ஜஸ்ரின் காத்திருந்தாள். ஏசியிருந்தால் அவளும் ஏசியிருப்பாள், ஒரு வருடத்துக்கு வேண்டிய சொற்கள் அவளிடம் சேர்ந்திருந்தன. அவர் ஏசவில்லை. போமைத் தன் பக்கம் இழுத்து, பேனையை எடுத்து அதன் மேல் குறுக்கே வைத்தார்.

"எனக்கு இதுகள் விளங்காது. நீ படிச்சனீ. நீ அந்த வேலைக்கை நிக்கிறாய். இவள் இதைப் படிச்சால் உழைச்சுக் கட்டுவாளோ, மாட்டாளோ? நீ சொல்லு. நீ சொன்னபடி செய்வம்."

மெலனி மேசையைச் சுற்றி வந்து தமக்கைக்கு எதிரே இருந்தாள்.

ஜஸ்ரின் ஒரு கடித உறையைத் திருப்பி அதன் முதுகில் எழுதினாள். எழுதுகிறபோதே வாயாலும் சொன்னாள். "எனக்கு மணித்தியாலத்துக்குப் பதினாறு டொலர். கேக்க நல்லாயிருக்கு. முழுநேர வேலை எண்டால் மூண்டு, நாலு வருசத்திலை எல்லாத்தையும் கட்டி முடிச்சிடலாம். ஏப்ரல் மாசம் எனக்குப் பதினொரு கோல் வந்தது. போன மாசம் அஞ்சு. அஞ்சு நாள் வேலை செய்தால் கையிலை என்ன வரும்? ஐந்நூறு சொச்சம். அதிலை பாங்குக்கு இருநூற்றுப் பதினெட்டு, வீட்டுக்கு இருநூறு, பஸ் பாஸ். முடிஞ்சுது. கட்டாமல் விட்டால் வட்டி குட்டி போடும்."

"அது இப்ப," என்றாள் மெலனி. "நான் முடிக்கேக்கை இரண்டாயிரமாம் ஆண்டு."

"இரண்டாயிரத்திலை என்ன, வானத்திலை இருந்து வேலை கொட்டுமோ?"

"இப்ப இருக்கிற நேர்ஸ்மாரை எல்லாம் வீட்டை அனுப்பிறாங்கள். கிழவர்மார் கூடிக்கொண்டு போயினம். ஒரு நாளைக்கு ஆள் காணாமல் போகத்தானே வேணும்? இற்ஸ் ஜஸ்ற் மத்ஸ் அக்கா."

"அந்த ஒரு நாள் எப்ப எண்டு பாங் கேக்காது. முதலாந்திகதி காசு எங்கை எண்டுதான் கேக்கும்."

"உனக்கு எல்லாம் தெரியும் என்ன?"

"எனக்கு இது தெரியும்."

அமிர்தநாதர் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வைக்கட்டோ, விடட்டோ?"

ஜஸ்ரின் தங்கையைப் பார்த்தாள். மெலனியின் கீழுதடு சின்ன வயதில் போல உள்ளே போயிருந்தது. உறையின் முதுகில் இலக்கங்கள் தெளிவாக இருந்தன. அவற்றில் பிழை பிடிக்க யாராலும் ஏலாது.

"வைக்காதேங்கோ," என்றாள்.

அவர் பேனையின் மூடியைப் போட்டார். அது டிக் என்று பொருந்துகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. உடனேயே சுவரில் ரெலிபோன் அடித்தது. மூன்றாம் மணிவரை யாரும் அசையவில்லை. பிறகு ஜஸ்ரின் எட்டி எடுத்தாள். யாருக்கோ காய்ச்சல். வருகிறேன் என்றாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனபோது மெலனி பின்னாலிருந்து சொன்னாள், இந்த முறை முழுக்கத் தமிழில். "நீ பொய் சொல்லிப் படிச்சிட்டாய். எனக்கு மட்டும் உண்மை சொல்றாய்."

பஸ்ஸில் அவளுக்கு இருக்க இடம் கிடைத்தது. கடனை நினைத்துச் சொன்னேனா, வேறெதையும் நினைத்துச் சொன்னேனா என்று தன்னையே கேட்டாள். தங்கை மூன்று வருடம் கழித்து வெள்ளைச் சப்பாத்தோடு ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்குள் நுழைவதும், தான் அப்போதும் குசினிக் கதிரையில் இருப்பதும் ஒரு கணம் தெரிந்தது. இறங்க வேண்டிய இடம் வந்ததால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகு அமிர்தநாதர் கை இறுக்கம் பற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது நின்றது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுடைய யூனிபோர்ம் பொக்கற்றில் இரண்டு இருபது டொலர் தாள் இருந்தது. தாள்களில் பணிஸ் மா ஒட்டியிருந்தது. முதல்முறை திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தாள். முதலாந்திகதி கிட்ட வந்தது. வைத்துக்கொண்டாள். பேனாட்டுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மக்டலீன் சொல்ல விடவில்லை. "அவன் பாவம், இப்பதான் நிமிந்திருக்கிறான்," என்றாள். ஜஸ்ரினுக்கு அதற்கும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தையும் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மெலனி செப்டெம்பரில் மார்க்கம் வீதியில் ஒரு டோனட் கடையில் சேர்ந்தாள். மணிக்கு ஆறு எண்பத்தைந்து. காலை ஐந்து மணி ஷிப்ற். சீனியும் எண்ணெயும் மணக்க வீட்டுக்கு வருவாள், வந்து தாய்க்கு ஊசி போடுவாள். மண்ணிறக் கவரை அவள் எறியவில்லை. அவளுடைய தலையணைக்குக் கீழே ஒரு வருடம் கிடந்தது. பிறகு ஒருநாள் அது அங்கே இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கடைசியில், மாரிக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிபோல், ரெலிபோன் அடித்தது. ஷிப்ற் முடிந்து வந்து நின்ற மெலனிதான் எடுத்தாள். கேட்டுவிட்டு, ரெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நீட்டினாள்.

"அக்கா. உனக்கு. ஆஸ்பத்திரி."

முழுநேர வேலை. நிரந்தரம். மணிக்கு இருபது டொலருக்கு மேலே. நேர்ஸ்மார் காணாது, இன்னும் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று அரசாங்கம் இப்போது தானே அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்களாம், கூப்பிட்டாலும் வருகிறார்கள் இல்லையாம். பேபி அன்ரி மேலே வந்து, "நான் அப்பவே சொன்னனான்," என்று மூன்று முறை சொல்லிவிட்டு, ஒரு நெளிந்த பணிஸும் தின்றுவிட்டுப் போனார். அமிர்தநாதர் கோயிலுக்குப் போனார். மெழுகுதிரி கொளுத்தினாரா என்று தெரியாது.

அடுத்த நாள் விடியமுன், கண்ணாடிச் சன்னலில் பனி அறைந்துகொண்டிருந்தபோது, ஜஸ்ரின் குசினிக்கு வந்தாள். மெலனி ரெலிபோனுக்குக் கீழே இருந்த கதிரையில் குனிந்திருந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சப்பாத்து, டோனட் கடைக்காரன் கட்டாயம் போடச் சொன்னது.

"எடி, திரும்பவும் அப்ளை பண்ணு," என்றாள் ஜஸ்ரின். "ஜனவரியிலையும் எடுக்கிறாங்களாம். முதல் வருசக் காசை நான் கட்டுறன். ஓசாப் தேவையில்லை. நான் இரவு கணக்குப் போட்டுப் பாத்தனான்."

மெலனி நாடாவின் இரண்டாம் முடிச்சைப் போட்டாள். இறுக்கி, மிச்சத்தைச் சப்பாத்துக்குள் செருகினாள்.

"உன்ரை கணக்கு எப்பவும் சரிதானே அக்கா," என்றாள். "அண்டைக்கும் சரிதான்."

"மெலனி."

"என்னை இப்ப சுப்பர்வைசர் ஆக்கியிருக்கிறாங்கள். ரெண்டு பெட்டையளுக்கு நான் ட்ரெயினிங் குடுக்கவேணும்." எழுந்து ஜக்கெற்றின் சிப்பை இழுத்தாள். கதவுக்கும் மேசைக்கும் நடுவில் ஜஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள், வெறுங்காலோடு.

"விலத்து," என்றாள் மெலனி. "பஸ் போயிடும்."